கம்பத்தில் இருப்பவனைத் திட்டக் கூடாது

எங்கள் லைன்மேன் அண்ணன் போன தை மாதம் காலமானார். வீட்டில், தன் கட்டிலில், தூக்கத்திலேயே போய்விட்டார். மின்கம்பம் ஏறிப் பிழைத்தவர்கள் இப்படி ஒரு சாவைப் பற்றிப் பேசும்போது துக்கத்தோடு ஒரு மனநிறைவும் கலந்துதான் இருக்கும். வேலைக்காலம் முழுக்க 11,000 வோல்ட் கம்பிக்குக் கீழே நின்ற மனிதர் கை கால் முழுசாக, பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது போனார். அவரிடம் வேலை கற்ற நாங்களும் கை கால் முழுசாக நின்று அவரைத் தோளில் சுமந்தோம்.

துக்கத்துக்கு வந்த எல்லாரும் "தங்கமான மனுஷன்" என்றார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லோடு அவரை விட்டுவிட எனக்கு மனம் இல்லை. சிரித்த முகமும் இனிய பேச்சும் உள்ளவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அண்ணன் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவருடைய நல்ல குணம் அவர் வேலை செய்யும் முறைக்குள் இருந்தது. எர்த் ராடு மாட்டும் கையில் இருந்தது, டெஸ்டரை ஒருமுறைக்கு இருமுறை வைத்துப் பார்க்கும் பொறுமையில் இருந்தது. அதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பிரிவு அலுவலகம் நாமக்கல் மாவட்டத்தில், பள்ளிபாளையத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே. ஒரு பக்கம் விசைத்தறி, மறுபக்கம் கிணற்றுப் பாசனம். இரண்டுமே கரண்டை நம்பிய பிழைப்பு. 1932-இல் பைக்காராவும் 1937-இல் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கிய பிறகு மாறிய நாடு இது. ஏற்றம் இறைத்த கிணறுகளில் மோட்டார் இறங்கியது. பின்னாளில் கைத்தறி இருந்த வீடுகளில் விசைத்தறி வந்தது. இங்கே கரண்ட் போனால் முதலில் காதுக்குத்தான் தெரியும். தெரு முழுக்கத் தறிச்சத்தம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அடுத்த ஐந்தாவது நிமிடம் ஆபீஸ் போன் அடிக்கும். தறிக்காரருக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி, தறி நின்ற நேரம் கூலி இல்லாத நேரம். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் பாதி வாய்க்காலில் நிற்பார். எல்லாரும் அவசரத்தில்தான் கூப்பிடுவார்கள்.

அந்த அவசரம்தான் எங்கள் தொழிலின் முதல் எதிரி. நான் ஹெல்பராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அண்ணன் அதைச் சொல்லிவிட்டார். "தம்பி, அவங்க கோபம் நியாயமானதுங்க. ஆனா அந்தக் கோபத்தைக் கம்பத்து மேல கொண்டு போகக் கூடாது. கீழேயே இறக்கி வெச்சுட்டு ஏறோணும்." ஹெல்பரையும் 'ங்க' போட்டுப் பேசுகிற லைன்மேனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஒரு 11 கே.வி. லைனில் கை வைக்க வேண்டுமானால் முதலில் சப்-ஸ்டேஷனிலிருந்து எல்.சி. வாங்க வேண்டும். லைன் கிளியர் என்பதன் சுருக்கம். ஆபரேட்டர் அந்த ஃபீடரின் பிரேக்கரை ஆஃப் செய்து, ஐசோலேட்டரைத் திறந்து, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையை மாட்டி, லாக் புத்தகத்தில் நேரமும் பெயரும் எழுதுவார். எழுதிய பிறகே எல்.சி. எண்ணைச் சொல்வார். எந்தப் பெயருக்கு எல்.சி. கொடுத்தாரோ அந்த ஆள் திருப்பிக் கொடுத்தால்தான் லைனை மறுபடி சார்ஜ் செய்யலாம். உதவிப் பொறியாளர் சொன்னாலும், ஊர்ப் பெரியவர் வந்து நின்றாலும் அந்த விதி மாறாது.

எல்.சி. கிடைத்தவுடன் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. அண்ணனுக்கு அது ஆரம்பம் மட்டும்தான். அடுத்து, கம்பத்திலேயே லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்ச். கைப்பிடியை இழுத்ததும் மூன்று பிளேடும் திறந்திருக்கும் என்று நம்பக் கூடாது. துரு ஏறிய சுவிட்சில் இரண்டு திறந்து ஒன்று ஒட்டிக்கொண்டே நிற்கும். அண்ணன் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று வாய்விட்டு எண்ணுவார். பிறகு கைப்பிடியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போடுவார்.

அதற்குப் பிறகு எர்த் ராடு. முதலில் தரையில் உள்ள எர்த்தோடு ஒரு முனையை இணைத்து, அதன் பிறகே கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது தலைகீழ் வரிசை, கம்பியிலிருந்து முதலில், தரையிலிருந்து கடைசியில். வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் போட வேண்டும். கரண்ட் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஆளைத் தொடுவதற்கு முன் மண்ணுக்குப் போய்விடும். நிறுத்திவிட்ட லைனில் கரண்ட் எப்படி வரும் என்று வெளியே உள்ளவர்கள் கேட்பார்கள். வரும். அரிசி ஆலையோ கல்யாண மண்டபமோ ஜெனரேட்டரைச் சரியான சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஓட்டினால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியே பின்னோக்கி வந்து, டிரான்ஸ்பார்மருக்குள் ஏறி, 11,000 வோல்ட்டாக மாறி மேலே நிற்கும். பக்கத்திலே ஓடும் வேறொரு லைனாலும் வரும். தூரத்தில் விழும் இடியாலும் வரும்.

ரப்பர் கையுறையை மாட்டுவதற்கு முன் அதன் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைப்பார். விரல் பக்கம் உப்பி வரும். அதைக் கன்னத்தருகே வைத்துப் பார்ப்பார். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்று படும். தன் கையுறைக்கு மட்டும் அல்ல, ஏறப்போகிறவன் கையுறைக்கும் இந்தச் சோதனை உண்டு. எங்கள் கையுறையை அவர் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதைப் பார்க்கும்போது, வீட்டில் அம்மா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது நினைவுக்கு வரும்.

கம்பத்தில் இருப்பவனைத் திட்டக் கூடாது என்பதும் அவர் வைத்திருந்த விதி. எந்த விதிப்புத்தகத்திலும் இது இல்லை, ஆனால் எங்கள் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். மேலே ஏறியவன் பின் இன்சுலேட்டரை மாற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்பேனரை நழுவவிடலாம், ஜம்பரைத் தப்பாக வளைக்கலாம், அரைமணி வேலையை ஒருமணி ஆக்கலாம். கீழே நிற்பவர்களுக்குக் கோபம் வரும். தறிக்காரர்கள் வேறு சுற்றி நின்று முணுமுணுப்பார்கள். அண்ணன் யாரையும் மேலே பார்த்துக் கத்த விடமாட்டார். "மேல இருக்கறவனுக்கு ரெண்டு காலு, ரெண்டு கை, ஒரு மனசு. இந்த அஞ்சும் வேலையில இருக்கோணும். நீ திட்டுனா மனசு கீழ வந்துரும். மனசு கீழ வந்தா உடம்பும் வந்துரும்" என்பார். திட்ட வேண்டியிருந்தால் அவன் இறங்கி, பெல்ட்டைக் கழற்றி, டீ குடித்து முடித்த பிறகுதான். டீ உள்ளே போன பிறகு பெரும்பாலும் திட்டு வெளியே வராது, விளக்கம்தான் வரும்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனை வைத்து இதை நேரில் பார்த்தேன். தோட்டப் பகுதியில் ஒரு தாழ்வழுத்த (எல்.டி.) லைன். டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸின் ஃபியூஸ் போய்விட்டது, அந்த பேஸ் கம்பியில் தளர்ந்திருந்த ஒரு ஜம்பரையும் கட்ட வேண்டும். "அந்த பேஸ்லதான் கரண்டே இல்லையேண்ணே" என்றபடி பையன் ஏணியில் ஏறினான். அண்ணன் கத்தவில்லை. சாதாரணக் குரலில், "சரிங்க தம்பி, கை வைக்கறதுக்கு முன்னால டெஸ்டரை மட்டும் ஒருக்கா வெச்சுப் பாத்துருங்க" என்றார். வைத்தான். டெஸ்டர் எரிந்தது. பையன் ஏணியிலேயே அப்படியே நின்றுவிட்டான். "ஒண்ணும் இல்லைங்க, அப்படியே இறங்கி வாங்க" என்று அதே குரலில் சொல்லி, ஏணியின் காலைத் தன் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

நடந்தது எங்கள் பகுதியில் எல்லா லைன்மேனும் அறிந்த ஆபத்து. அப்போது விவசாயத்துக்கு மூன்று பேஸும் நாள் முழுக்க வந்ததில்லை. பயிர் வாடும்போது சிலர் கண்டன்சர் போட்டு மோட்டாரை இரண்டு பேஸிலேயே ஓட்டுவார்கள். அப்படிச் சுற்றும் மோட்டார், சப்ளை இல்லாத மூன்றாவது கம்பிக்கும் மின்னழுத்தத்தைத் திருப்பி அனுப்பும். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் இல்லாத கம்பி, தோட்டத்துப் பக்கமிருந்து உயிரோடு நிற்கும். பார்ப்பதற்குச் செத்த கம்பி, தொட்டால் ஆளை அடிக்கும்.

பிறகு ஏ.பி. சுவிட்சைத் திறந்து, லைன் முழுவதையும் நிறுத்தி, எர்த் போட்டு அந்த வேலையை முடித்தோம். அண்ணன் பையனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனையும் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு மோட்டார் ஓடிய தோட்டத்துக்குப் போனார். அங்கும் சண்டை போடவில்லை. "ஏனுங்க, உங்க பையன் வயசுதாங்க இவனுக்கு. நீங்க மோட்டார் போட்ட நேரத்துல இவன் அந்தக் கம்பியில கை வைக்கறதா இருந்தானுங்க" என்றார். அந்த விவசாயி பையனின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு எங்கள் ஆள் லைனுக்கு வருகிற நாளெல்லாம் முதலில் அவர் தோட்டத்து மோட்டார்தான் நிற்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும் அவரே போய்ச் சொல்லிவைத்தார். ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

பில் கட்டாத வீடுகளில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்குவதும் எங்கள் வேலைதான். யாருக்கும் பிடிக்காத வேலை. பட்டியல் கையில் வந்ததும் அண்ணன் முந்தின நாள் சாயங்காலமே அந்தத் தெருக்களில் ஒரு நடை போய் வருவார். "நாளைக்குக் காலையில வருவேனுங்கம்மா. அதுக்குள்ள கட்டிருங்க" என்று வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொல்வார், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல். பாதிப்பேர் எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுவார்கள். கட்டாத வீட்டில் மறுநாள் வேலையைச் செய்துவிட்டுத்தான் வருவார், விதியை மீறமாட்டார். ஆனால் தெருவே பார்க்கும்படி யாரையும் தலைகுனிய வைத்ததில்லை. குடிசை மின் இணைப்பில் ஒற்றை பல்பு எரியவில்லை என்று கிழவி ஒருத்தி வந்தாலும், பவுண்டரி முதலாளி காரில் வந்தாலும், அவருடைய புகார்ப் புத்தகத்தில் வரிசை ஒன்றுதான். யார் முதலில் சொன்னாரோ அவர் வீட்டுக்கு முதலில் போவார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் மின் ஊழியர்களை அங்கே அனுப்பினார்கள், கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் பிரிவிலிருந்து போனவர்களில் நானும் அண்ணனும் இருந்தோம். அவர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. "நீங்க இருந்துக்கங்கண்ணே" என்று எல்லாரும் சொன்னோம். துணிப்பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, தன் சொந்த கட்டிங் பிளேயர், டெஸ்டர் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு லாரியில் முதலில் ஏறியது அவர்தான்.

வேதாரண்யம் பக்கம் நாங்கள் பார்த்ததை எங்கள் மேட்டு நிலத்துக் கண்கள் அதுவரை பார்த்ததில்லை. தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கம்பங்கள் நடுவில் ஒடிந்து, கம்பிகள் வாய்க்காலிலும் வயலிலும் மூழ்கிக் கிடந்தன. கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது கணக்கு. 9 மீட்டர் கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர் குழி. எங்கள் ஊர்ச் சரளை மண்ணில் கடப்பாறை போட்டுத் தோண்டிப் பழகியவர்கள் நாங்கள். அங்கே தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறி, குழியின் ஓரம் சரிந்து உள்ளேயே விழுந்தது. வண்டி போகாத வயலில் சிமென்ட் கம்பத்தைக் கயிறு கட்டி, மரத்தடிகளில் கோத்து, ஆட்கள் இரு வரிசையாகத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். ஊர் இளைஞர்கள் கேட்காமலேயே வந்து தோள் கொடுத்தார்கள். கூரை போன வீட்டிலிருந்து எங்களுக்குக் கஞ்சி வந்தது.

நாட்கணக்கில் இருட்டிலும் குடிதண்ணீர் இல்லாமலும் கிடந்த ஊர் அது. அங்கே அவசரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்த லைனைச் சார்ஜ் செய்வதற்கு முன் அண்ணன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். குடிதண்ணீர் மோட்டாருக்காகவும் செல்போன் சார்ஜுக்காகவும் பலர் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ஜெனரேட்டர் வீட்டுக்கும் போய், மெயினைக் கையால் தொட்டு, ஆஃப் ஆகியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அறுந்த கம்பியில் துணி காயப்போட்டிருந்த ஒரு வீட்டில் நின்று, அந்தத் துணிகளைத் தானே மடித்து அந்த அம்மா கையில் கொடுத்து, கம்பியைச் சுருட்டி ஓரமாகப் போட்டார். "இன்னிக்குக் கரண்ட் வந்துருங்கம்மா. இனி எந்தக் கம்பியையும் தொடாதீங்க. குழந்தைகளைப் பாத்துக்கங்க" என்றார். எங்களோடு வேலை செய்த உள்ளூர் லைன்மேனின் சொந்த வீடே இடிந்திருந்தது. அவர் அதைச் சொல்லாமல் எங்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். யாரோ சொல்லித் தெரிந்ததும் அண்ணன், "நீங்க வீட்டைப் பாருங்க, உங்க ரெண்டு கம்பத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று அவரை அனுப்பிவைத்தார். கடைசியில் அந்த ஊரில் தெருவிளக்கு எரிந்தபோது குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. அண்ணன் எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லாரும் தரையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எங்கள் பக்கம் ஐப்பசி மழை இறங்கினாலோ, சித்திரையில் கோடை மழை காற்றோடு அடித்தாலோ, இரவு எந்நேரமானாலும் அவரிடமிருந்து போன் வரும். எங்கே ஃபால்ட், எந்த ஃபீடர் என்றெல்லாம் கேட்கமாட்டார். "எல்லாரும் இறங்கிட்டீங்களா?" என்பார். "இறங்கிட்டோம்ண்ணே." "சரி தம்பி, சாப்பிட்டுப் படுங்க." அவ்வளவுதான். முதலில் அதை ஒரு பெரியவரின் கவலை என்று எடுத்துக்கொண்டேன். போகப்போக, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இப்போது கேட்க அவர் இல்லை, பழக்கம் இருக்கிறது. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குத் தொழில் இப்படித்தான் இறங்குகிறது. எங்களுக்கும் பயிற்சி வகுப்பு உண்டு, பாதுகாப்பு உறுதிமொழி உண்டு, எல்லாம் தேவைதான். ஆனால் கையில் அவசரம் ஏறும் நொடியில் காதில் கேட்பது வகுப்பில் படித்த வரி அல்ல, கூட நின்ற ஒருவரின் குரல்.

துக்க வீட்டுக்கு வந்தவர்களை வைத்தே அவர் வாழ்க்கையைச் சொல்லிவிடலாம். தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். ஏணியில் உறைந்து நின்ற அந்தப் பையன் இன்று வேறொரு பிரிவில் லைன்மேன். அவன் தன் ஹெல்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவர்களையும் 'ங்க' போட்டே கூப்பிட்டான். அந்தத் தோட்டத்துக்காரர் வந்தார். முந்தின சாயங்காலமே வந்து சொல்லிவிட்டுப் போனவரை மறக்காத பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "எங்க வீட்டுக் கரண்டைப் பிடுங்குனவருதான் சாமி. ஆனா எங்களை அசிங்கப்படுத்துனதில்லை" என்றார்.

அண்ணன் எந்த விருதும் வாங்கியதில்லை. அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாம் நடக்காமல் போன காரியங்கள். விழாத ஆள், எரியாத கை, தாலி இழக்காத பெண். நடக்காததைப் பத்திரிகை எழுதாது, பதிவேடும் குறிக்காது. அதனால்தான் கூட இருந்தவர்கள் எழுத வேண்டியிருக்கிறது.

படிக்கிறவர்களிடம் அவர் சார்பாக ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் கரண்ட் போய், ஒருவர் கம்பத்தில் ஏறுவதைப் பார்த்தால், உங்கள் வீட்டு ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை இணைத்திருந்தால் அன்றே ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். தோட்டத்தில் கண்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டுகிறவர்கள், லைனில் ஆள் இருக்கும் நேரத்தில் நிறுத்திவிடுங்கள். "எப்பங்க வரும்?" என்று கேட்க வேண்டுமானால் அவர் தரைக்கு இறங்கும்வரை பொறுங்கள். நேரமானாலும் கீழிருந்து கத்தாதீர்கள். அவர் இறங்கி வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். அண்ணனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.